பேவ்மென்ட்: பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் மாறி மாறிக் கேட்கும் கேள்விகள்

யார் இந்த பேவ்மென்ட்? எதற்கு இவ்வளவு சண்டை?

கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரத்து ராக் குழு. சின்ன வயதிலிருந்தே ஒன்றாகச் சுற்றிய ஸ்டீபன் மால்க்மஸும் ஸ்காட் கான்பெர்க்கும் 1989-ல் கேரி யங் என்பவரின் வீட்டு ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு சின்ன ரெக்கார்டு பதிவு செய்தார்கள். போட்டது ஆயிரம் பிரதிதான். ஸ்டூடியோ சொந்தக்காரரே டிரம்ஸ் வாசித்தார், அப்படியே குழுவிலும் ஒட்டிக்கொண்டார். அந்த ரெக்கார்டில் இருந்த 'பாக்ஸ் எல்டர்' பாட்டை இங்கிலாந்தின் தி வெட்டிங் பிரசென்ட் குழு அடுத்த வருடமே எடுத்துப் பாடிவிட்டது. அப்புறம் 1992-ல் 'ஸ்லான்டட் அண்ட் என்சான்டட்', 1994-ல் 'க்ரூக்கட் ரெயின், க்ரூக்கட் ரெயின்', 1995-ல் 'வாவி ஸோவி', 1997-ல் 'பிரைட்டன் த கார்னர்ஸ்', 1999-ல் 'டெரர் ட்வைலைட்'. ஐந்து ஆல்பத்தோடு கடையை மூடிவிட்டார்கள்.

ஒரு கட்சிக்கு இவர்கள் தொண்ணூறுகளின் ஆகச்சிறந்த ராக் குழு. பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சன இணையதளம் 2010-ல் அந்தப் பத்தாண்டின் சிறந்த பாடல்களைப் பட்டியல் போட்டபோது முதலிடம் 'கோல்ட் சவுண்ட்ஸ்' பாட்டுக்குத்தான் போனது. இன்னொரு கட்சியைக் கேட்டால், சுருதி சேர்க்காத கிட்டார், சுருதியே இல்லாத குரல், படித்த பையன்களின் திமிர், இந்த மூன்றும்தான் பேவ்மென்ட் என்பார்கள். நான் முதல் கட்சி. ஆனால் இரண்டாவது கட்சி சொல்வதில் பாதி நியாயம் என்று நினைக்கிறேன், எந்தப் பாதி என்பதில்தான் அவர்களோடு எனக்குத் தகராறு.

இன்டி ராக் என்பது தனி இசைவகையா?

ஆரம்பத்தில் அது யார் காசில் ரெக்கார்டு வெளிவருகிறது என்பதைச் சொல்கிற பெயர், பெரிய கம்பெனிகளுக்கு வெளியே சின்ன லேபிளில் வருவது. பேவ்மென்ட்டுக்கு முதலில் டிராக் சிட்டி, பிறகு மேட்டடோர். போகப்போக அது ஒரு சத்தத்துக்கும் பெயராகிவிட்டது: கரகரப்பான கிட்டார், அலட்டாத குரல், மெருகு போடாத பதிவு. அந்தச் சத்தத்துக்கு உதாரணம் கேட்டால் நிறையப் பேர் முதலில் கையைக் காட்டுவது இவர்களைத்தான். அதுவே இவர்கள் மேல் எரிச்சல் வர ஒரு காரணம், பின்னால் வந்த எத்தனையோ அரைகுறைக் குழுக்களின் பாவமும் இவர்கள் கணக்கில் ஏறிவிட்டது.

மால்க்மஸுக்குப் பாடத் தெரியுமா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக "அதுதான் ஸ்டைல்" என்று சமாளிக்கிறீர்களே?

சுருதி சுத்தம்தான் பாட்டு என்று வைத்துக்கொண்டால், தெரியாது. மேல் ஸ்தாயியை எட்டப்போய்ப் பாதியில் கைவிடுவார், கள்ளக்குரலில் தாவுவார், குரல் உடையும், சில இடங்களில் பாடுகிறாரா பேசுகிறாரா என்று அவரே இன்னும் முடிவு பண்ணாத மாதிரி இருக்கும். இதை மறுக்கிற ரசிகரை நம்பாதீர்கள்.

ஆனால் குரலை எடுத்துவிட்டு மெட்டை மட்டும் கேட்டுப் பாருங்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை, சிலர் செய்தே காட்டியிருக்கிறார்கள். 2005-ல் சாக்ஸபோன் கலைஞர் ஜேம்ஸ் கார்ட்டரும் பியானோ கலைஞர் சைரஸ் செஸ்ட்நட்டும் இன்னும் இரண்டு ஜாஸ்காரர்களும் சேர்ந்து பேவ்மென்ட் பாடல்களை மட்டுமே வைத்து ஒரு முழு ஆல்பம் போட்டார்கள். உடைந்த குரல் இல்லை, கரகர கிட்டார் இல்லை, வரிகளும் இல்லை. மெட்டு தன் காலில் நிற்கிறது. வெறும் தோரணையால் ஓடுகிற குழுவின் பாட்டை அப்படித் தனியாகப் பிரித்தெடுத்து வாசிக்க முடியாது, பிரித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

அதனால் என் பதில் இதுதான்: பாடகராக அவர் சுமார், மெட்டுப் போடுகிறவராக முதல் தரம், அந்த மெட்டைத் தானே அலட்சியமாகப் பாடிக் கொஞ்சம் கெடுத்துத் தருவது அவருடைய பழக்கம். அந்தக் கெடுத்தல்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. உங்களுக்கு அது காதில் முள்ளாகக் குத்தினால் அதற்கு மேல் வாதம் செய்ய என்னிடம் ஒன்றும் இல்லை.

சோம்பேறிகள் என்பது உண்மையா இல்லையா?

இதுதான் முப்பது வருடமாக ஓடுகிற வழக்கு. 'ரேட்டில்ட் பை த ரஷ்' வீடியோவைப் பார்த்துவிட்டு, எம்டிவியின் கார்ட்டூன் பையன்கள் பீவிஸும் பட்ஹெட்டும், இவர்கள் இன்னும் கொஞ்சம் முயற்சி செய்யலாமே என்று கிண்டல் செய்தார்கள். அந்த ஒரு கிண்டல் ஆயிரம் விமர்சனங்களைவிட அதிகமாக ஒட்டிக்கொண்டது, ஏனென்றால் கேட்கிற யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான்.

'க்ரூக்கட் ரெயின்' எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். முதல் பாட்டு 'சைலன்ஸ் கிட்'. யாரோ கிட்டாரைச் சும்மா தடவிக்கொண்டிருக்கிறார்கள், டிரம்ஸ் எங்கே நுழைவது என்று தெரியாமல் தட்டிப் பார்க்கிறது, ஒத்திகையில் டேப் ஓடுவது தெரியாமல் விட்டுவிட்டார்களோ என்று தோன்றும். சில நொடிகள். திடீரென்று எல்லாம் ஒரே தாளத்தில் பூட்டிக்கொண்டு பாட்டு கிளம்பிவிடும். ஒரு ஆல்பத்தின் முதல் சில நொடிகளை யாரும் தற்செயலாக அப்படி விட்டுவைப்பதில்லை. வேண்டுமென்றே வைத்த தடுமாற்றம் அது. அதை வெட்டிவிட்டு நேராகப் பாட்டுக்குப் போயிருந்தால் அந்தப் பூட்டு விழுகிற சந்தோஷம் கிடைத்திருக்காது.

இன்னொரு சாட்சி 'கிரவுண்டட்'. இது 1995-ல் 'வாவி ஸோவி'யில் வந்த பாட்டு, மணி அடிப்பது போல் ஒலித்துக்கொண்டே மெதுவாக இறங்குகிற கிட்டார், பணக்கார டாக்டர் ஒருவர் விடுமுறைக்குக் கிளம்புகிற கதை. ஆனால் இதை 'க்ரூக்கட் ரெயின்' காலத்திலேயே ஒருமுறை பதிவு செய்திருக்கிறார்கள், 2004-ல் வந்த மறுவெளியீட்டில் அந்தப் பதிப்பு இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து கேளுங்கள். முதலாவது மோசமில்லை, அந்த ஆல்பத்தில் சேர்த்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இருந்தாலும் அப்போது வெளியிடாமல் வைத்திருந்து, மறுபடி வாசித்து, எடையும் இடைவெளியும் கூட்டி, அதற்குப் பிறகுதான் வெளியே விட்டார்கள். சோம்பேறி செய்கிற வேலையா இது?

சரி, இப்போது எதிர்க்கட்சியின் நியாயமான பாதி. உழைக்கவில்லை என்பது தப்பு. ஆனால் உழைத்ததைக் காட்டிக்கொள்ளக் கூச்சப்படுகிறார்கள், அது உண்மை. பாட்டு உருகத் தொடங்கும்போதே ஒரு நக்கல் வரி, ஒரு கீச்சுக் குரல், ஒரு தோள்குலுக்கல் வந்து விழும், "நாங்கள் இதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை" என்கிற மாதிரி. தோற்றாலும் தோற்றதாகாது பாருங்கள், ஜெயிக்கவே பார்க்கவில்லையே! இந்தத் தற்காப்புதான் பலருக்கு எரிச்சல் என்று நினைக்கிறேன், அந்த எரிச்சல் எனக்கும் உண்டு. இவர்களின் உச்சம் எல்லாம் அந்தத் தோள்குலுக்கல் மறந்துபோகிற இடங்களில்தான் இருக்கிறது. 'ஸ்லான்டட்' ஆல்பத்தின் 'ஹியர்', கடைசிவரை வராத வெற்றிக்காக உடுத்திக்கொண்டு காத்திருப்பவனின் பாட்டு, நக்கலாகத் தொடங்கி நக்கல் தானாகக் கரைந்துவிடும். 'ஸ்டாப் பிரீத்தின்' முடிகிற இடத்தில் பாடுவது நின்று, கிட்டார்கள் மட்டும் நிமிடக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும். அங்கே தற்காப்பு எதுவும் கிடையாது.

தி ஃபால் குழுவைக் காப்பியடித்தவர்கள்தானே?

முதல் ஆல்பம் வரைக்கும், ஓரளவு ஆமாம். 'கண்டூயிட் ஃபார் சேல்' பாட்டையும் இங்கிலாந்துக் குழுவான தி ஃபால் 1980-ல் வெளியிட்ட 'நியூ ஃபேஸ் இன் ஹெல்' பாட்டையும் அடுத்தடுத்து கேட்டால் மறைக்க வழியே இல்லை. தி ஃபாலின் தலைவர் மார்க் இ. ஸ்மித் இதை வைத்து இவர்களை வாழ்நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தார், திட்டுவது அவருக்குக் கைவந்த கலை என்பது வேறு விஷயம். பேவ்மென்ட்காரர்களும் மறைக்கவில்லை, பிபிசி வானொலிக்காக தி ஃபாலின் 'த கிளாசிக்கல்' பாட்டையே வாசித்தார்கள்.

ஆனால் 'க்ரூக்கட் ரெயின்' வந்தபிறகு இந்தக் குற்றச்சாட்டு நிற்காது. அதில் தெற்கத்திய நாட்டுப்புற ராக் இருக்கிறது, ஜாஸ் கலைஞர் டேவ் புரூபெக்கின் 'டேக் ஃபைவ்' ஜாடையில் ஐந்தடித் தாளத்தில் ஒரு வாத்தியப் பாட்டு இருக்கிறது. இவர்கள் எல்லாரிடமிருந்தும் எடுத்தார்கள். ஒருவரிடம் எடுத்தால்தான் காப்பி.

இவர்களிடமிருந்து எடுத்தவர்களையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் பிரிட்பாப் அலையின் உச்சத்தில் இருந்த ப்ளர், 1997-ல் தங்கள் பெயரிலேயே வெளியிட்ட ஆல்பத்தில் திடீரென்று கரகரப்பாக மாறியதற்கு கிட்டார்காரர் கிரஹாம் காக்ஸன் கேட்டுக்கொண்டிருந்த அமெரிக்க இன்டி ரெக்கார்டுகள் முக்கிய காரணம், அதில் பேவ்மென்ட் முன்வரிசை.

பாட்டு வரிகளுக்கு அர்த்தம் இருக்கிறதா, வாய்க்கு வந்ததா?

இரண்டும். மால்க்மஸ் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவர். அங்கே நண்பரான டேவிட் பெர்மன் பின்னாளில் பெயர் பெற்ற கவிஞர், இரண்டு பேரும் நியூயார்க்கில் விட்னி அருங்காட்சியகத்தில் காவலாளி வேலை பார்த்தவர்கள், சேர்ந்து சில்வர் ஜூஸ் என்ற குழுவும் தொடங்கினார்கள். நாள் முழுக்க ஓவியங்களுக்கு நடுவே சும்மா நிற்கிற வேலை. மால்க்மஸின் வரிகளில் அந்த நிற்றல் தெரிகிறது என்பது என் கற்பனையாகக்கூட இருக்கலாம், ஆனால் எதையும் நேராகச் சொல்லாமல் பக்கவாட்டில் பார்க்கிற கண் அது.

'ஷேடி லேன்' தொடக்கத்தில் எல்லாம் தெளிவாக இருக்கும்: முன்பின் தெரியாத ஒருவரோடு உணவகத்தில் சந்திப்பு, சிப்பி சாப்பிடுகிறார்கள், பில் வருகிறது, ஆளுக்குப் பாதி. அந்தப் பாதிக்குப் பாதி என்ற சொல்லையே விடாமல் இழுத்து இழுத்துப் பாடுவார், அந்தச் சந்திப்பு எவ்வளவு கேவலமாகப் போனது என்பது அந்த இழுப்பிலேயே வந்துவிடும். அடுத்த சில வரிகளில் பாட்டு எங்கெங்கோ போய்விடும், கோர்வை தேடினால் கிடைக்காது. சில பாடல்களில் சொற்களை ஓசைக்காகவே அடுக்குகிறார், அவற்றை உட்கார்ந்து பொழிப்புரை எழுதுகிற ரசிகர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

நேரடியான பாட்டும் உண்டு. 1993-ல் ஒரு தொகுப்பு ஆல்பத்துக்காக ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் குழுவைப் பற்றியே ஒரு பாட்டு எழுதினார்கள். அவர்களின் 'ரெக்கனிங்' ஆல்பத்துப் பாடல்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய், இதில் ஒன்று மட்டும் எனக்கு ஆகவே ஆகாது என்று பெயரையும் சொல்லிவிடுவார். ஒரு ரசிகன் இன்னொரு ரசிகனிடம் பேசுகிற அதே பேச்சு. சில வருடம் கழித்து 'பிரைட்டன் த கார்னர்ஸ்' ஆல்பத்தை எங்கே பதிவு செய்தார்கள் தெரியுமா? 'ரெக்கனிங்' தயாரித்த இருவரில் ஒருவரான மிட்ச் ஈஸ்டரின் ஸ்டூடியோவில், வட கரோலினாவில்.

கேரி யங் போனதோடு குழுவின் உயிரும் போய்விட்டதா?

இப்படிச் சொல்கிற ஒரு சின்னக் கூட்டம் எப்போதும் உண்டு. யங் மற்றவர்களைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர், மேடையில் தலைகீழாக நிற்பார், வாசலில் நின்று ரசிகர்களுக்கு முட்டைக்கோஸும் மசித்த உருளைக்கிழங்கும் கொடுப்பார், குடித்துவிட்டு டிரம்ஸ் ஸ்டூலிலிருந்து விழுவார். பார்க்க வேடிக்கைதான், கூட இருந்து வாசிப்பவர்களுக்கு அல்ல. 1993-ல் விலகினார், ஸ்டீவ் வெஸ்ட் வந்தார். 2023-ல் யங் காலமானார்.

வெஸ்ட் வந்தபிறகு தாளம் நின்று நிதானமாக வந்தது, அது இல்லாமல் 'க்ரூக்கட் ரெயின்' வந்திருக்காது. ஆனாலும் 'ஸ்லான்டட்'டில் டிரம்ஸ் பாட்டுக்கு முன்னால் பாய்ந்து பாட்டை இழுத்துக்கொண்டு ஓடுகிறதே, அது அப்புறம் திரும்பி வரவே இல்லை. இழப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

பாப் நஸ்டனோவிச் ஒப்புக்குச் சப்பாணியா?

குடித்த யங் தாளம் தவறும்போது பிடித்து நிறுத்த இரண்டாவது டிரம்ஸ்காரராகக் கொண்டுவரப்பட்டவர். பிறகு அவர் வேலை கத்துவது, கஞ்சிரா மாதிரியான டாம்பரின் தட்டுவது, சின்தசைசரில் விநோதச் சத்தம் எழுப்புவது. இசைக்காக மட்டும் பார்த்தால் அவர் இல்லாமலும் ஓடும்.

ஆனால் 'ஸ்டீரியோ' பாட்டில் ஒரு இடம். ரஷ் குழுவின் பாடகர் கெடி லீக்கு அவ்வளவு உச்சக்குரல் எப்படி வந்தது, சாதாரணமாகப் பேசும்போதும் அப்படித்தான் பேசுவாரா என்று மால்க்மஸ் சந்தேகம் எழுப்புவார். பின்னாலிருந்து நஸ்டனோவிச், எனக்கு அவரைத் தெரியும், சாதாரணமாகத்தான் பேசுவார் என்று பதில் கொடுப்பார். மால்க்மஸ் தனியாகச் செய்தால் கெட்டிக்காரத்தனமாக மட்டும் நின்றுபோகும் விஷயம், பக்கத்தில் இவர் இருப்பதால் நண்பர்களின் அரட்டையாகிவிடுகிறது. எனக்கு அது போதும்.

ஸ்மாஷிங் பம்ப்கின்ஸோடு என்ன பிரச்சினை?

'க்ரூக்கட் ரெயின்' ஆல்பத்தின் 'ரேஞ்ச் லைஃப்' பாட்டின் கடைசிப் பகுதியில் ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ், ஸ்டோன் டெம்பிள் பைலட்ஸ் என்று இரண்டு பெரிய குழுக்களின் பெயர் சொல்லி, முதல் குழு என்ன சொல்ல வருகிறது என்றே புரியவில்லை, புரியாவிட்டாலும் கவலையில்லை என்று ஒரு குத்து. பாட்டு ஒரு கற்பனைப் பாத்திரத்தின் குரல் என்றும், அவர்கள் இசையைச் சொல்லவில்லை என்றும் மால்க்மஸ் பிறகு விளக்கம் கொடுத்தார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர். பம்ப்கின்ஸின் பில்லி கார்கனுக்கு வந்த கோபம் பல வருடம் ஆறவில்லை.

இதில் நான் பாதி கார்கன் பக்கம். அவர் எல்லாவற்றையும் வெளிப்படையாக ஆசைப்பட்டவர், பெரிய மேடை, பெரிய சத்தம், பெரிய சோகம். அப்படி ஆசைப்படுகிறவனை ஆசையே இல்லாத மாதிரி காட்டிக்கொள்பவன் கேலி செய்வது சுலபம். வேடிக்கை என்னவென்றால் அதே ஆல்பத்தில் 'கட் யுவர் ஹேர்' பாட்டில் மால்க்மஸ், இசைத்துறையில் முன்னேறத் துடிக்கிற குழுக்களைக் கிண்டல் செய்து முடிவில் அந்த "கேரியர்" என்ற சொல்லையே திரும்பத் திரும்பக் கத்துவார். அந்தப் பாட்டுதான் வானொலியில் ஓடி, அமெரிக்க மாடர்ன் ராக் பட்டியலில் பத்தாவது இடம் வரை போய், ஜே லெனோவின் தொலைக்காட்சி நிகழ்ச்சிவரை கொண்டுபோய் விட்டது.

மேடையில் மோசம் என்கிறார்களே?

நாளைப் பொறுத்தது. நல்ல நாளில் அருமை, கெட்ட நாளில் பணம் கொடுத்து ஒத்திகை பார்த்த மாதிரி. 1995-ல் லொல்லபலூசா சுற்றுப்பயணத்தில் சோனிக் யூத், ஹோல், சைப்ரஸ் ஹில் எல்லாரோடும் போனார்கள். மேற்கு வர்ஜீனியாவில் கூட்டத்திலிருந்து மண்கட்டியும் கல்லும் பறந்து வந்து, பாதியில் மேடையை விட்டு இறங்க வேண்டியதாகிவிட்டது. கல்லெறிந்ததை நியாயப்படுத்த முடியாது. ஆனால் வெயிலில் காய்ந்து நிற்கிற பெருங்கூட்டத்தின் முன் தங்களுக்குள்ளேயே சிரித்துக்கொள்கிற குழு எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்தால் புரிகிறது.

எந்த ஆல்பம் சிறந்தது?

ரசிகர்களுக்குள் உண்மையான அடிதடி இதில்தான். பெரும்பான்மை 'ஸ்லான்டட்', 'க்ரூக்கட் ரெயின்' என்று இரண்டாகப் பிரியும். தீவிரவாதிகள் 'வாவி ஸோவி' என்பார்கள்.

'வாவி ஸோவி' பெரும்பாலும் மெம்ஃபிஸில் பதிவானது. 18 பாட்டு, மூன்று பக்கம் நிறைந்து நாலாவது பக்கம் வெறுமையாக விட்ட இரட்டை ரெக்கார்டு. முந்தைய ஆல்பம் வானொலிவரை போயிருந்த சமயம், எல்லாரும் இன்னொரு 'கட் யுவர் ஹேர்' எதிர்பார்த்தார்கள், கிடைத்தது இந்தக் கதம்பம். முதல் சிங்கிளாக 'ரேட்டில்ட் பை த ரஷ்' போட்டது ஏன் என்று பின்னாளில் கேட்டபோது, அப்போது நிறைய கஞ்சா புகைத்துக்கொண்டிருந்தேன், எனக்கு அதெல்லாம் ஹிட் பாட்டாகத்தான் கேட்டது என்ற ரீதியில் மால்க்மஸ் சொன்னார். வந்தபோது பலர் கைவிட்டார்கள், இன்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். என் கருத்து நடுவில்: பாதி ஆல்பம் அவர்களின் மிகச் சிறந்த வேலை, ஐந்தாறு பாட்டு வெறும் சிறுபிள்ளைத்தனம், அவற்றைத் தூக்கினால் யாரும் தேட மாட்டார்கள். "இல்லை, அந்தச் சிறுபிள்ளைத்தனம்தான் ஆல்பத்தின் உயிர்" என்பவர்களோடு நான் வாதாடுவதை நிறுத்திவிட்டேன்.

'டெரர் ட்வைலைட்' இன்னொரு கதை. ரேடியோஹெட்டின் 'ஓகே கம்ப்யூட்டர்' முடித்துவிட்டு வந்த நைஜல் காட்ரிச் தயாரித்தது, ரேடியோஹெட்டின் ஜானி கிரீன்வுட் வந்து ஹார்மோனிகா வாசித்தார். சத்தம் சுத்தம், குரல் சுத்தம், கான்பெர்க்கின் பாட்டு ஒன்றுகூட இல்லை. மால்க்மஸின் தனி ஆல்பத்தில் மற்றவர்கள் வந்து வாசித்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். பாட்டுகளில் குறையில்லை, குழுவைத்தான் காணோம்.

எனக்கு 'க்ரூக்கட் ரெயின்'. அதில்தான் அக்கறையும் அலட்சியமும் சரியான அளவில் முட்டிக்கொள்கின்றன.

எப்படிப் பிரிந்தார்கள்?

அவர்கள் பாணியிலேயே, தெளிவாகச் சொல்லாமல். 1999 நவம்பர் 20, லண்டன் பிரிக்ஸ்டன் அகாடமி அரங்கில் கடைசிக் கச்சேரி. மால்க்மஸ் மைக் கம்பத்தில் ஒரு கைவிலங்கைத் தொங்கவிட்டு, இத்தனை வருடம் ஒரு குழுவில் இருப்பது எப்படி என்பதற்கு இதுதான் அடையாளம் என்றார். அவரோடு பத்து வருடம் வேனில் சுற்றியவர்கள் பக்கத்தில் நிற்கிறார்கள்! முடிந்துவிட்டது என்பதை அவர்களுக்கு உட்காரவைத்து முறையாகச் சொல்லக்கூட இல்லை. பாட்டில் அழகாக இருக்கிற நழுவல் மனிதர்களிடம் காட்டும்போது அசிங்கமாகிவிடுகிறது, இதில் அவருக்காக வக்காலத்து வாங்க நான் தயாரில்லை.

'ஹார்னெஸ் யுவர் ஹோப்ஸ்' எப்படி இவர்களின் மிகப் பிரபலமான பாட்டானது?

'பிரைட்டன் த கார்னர்ஸ்' சமயத்தில் பதிவு செய்து, ஆல்பத்தில் இடம் கொடுக்காமல், 1999-ல் ஒரு சின்ன ரெக்கார்டின் ஓரத்தில் சேர்த்த பாட்டு. தீவிர ரசிகர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. 2017 வாக்கில் ஸ்பாட்டிஃபையில் ஆல்பம் முடிந்ததும் தானாக அடுத்த பாட்டை ஓட்டுகிற வசதி பரவியபோது, எந்த மென்பொருள் கணக்கோ இதைத் தேர்ந்தெடுத்து எல்லார் காதிலும் போட்டது, அப்புறம் டிக்டாக் எடுத்துக்கொண்டது. இன்று ஸ்பாட்டிஃபையில் 'கட் யுவர் ஹேர்' எல்லாம் இதற்குப் பின்னால்தான். 2022-ல் புதிதாக ஒரு வீடியோவே எடுத்தார்கள்.

பழைய ரசிகர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பது வெட்டிப் பந்தா. நல்ல பாட்டு அது. அதில் ஒரு இடத்தில், பேவ்மென்ட் என்ற சொல்லுக்கு இயைபாக ஒரு சொல் காட்டு, உன் அப்பா அம்மாவைக் கொன்று கம்பியில் சுடுகிறேன் என்கிற ரீதியில் ஒரு மிரட்டல் வரும். ஆல்பத்தில் சேர்க்காமல் விட்டது தப்புக் கணக்கு, இருபது வருடம் கழித்து ஒரு கம்ப்யூட்டர் திருத்தியிருக்கிறது.

திரும்பச் சேர்ந்தது பணத்துக்காகத்தானே?

பணமும்தான், அதில் என்ன தப்பு? 2010-ல் ஒருமுறை சேர்ந்தார்கள், 2022-ல் மறுபடி, இம்முறை ரெபெக்கா கோல் கீபோர்டு வாசிக்கச் சேர்ந்தார். இரண்டாவது முறை வாசிப்பு பழைய நாட்களைவிடக் கட்டுக்கோப்பு, தோள்குலுக்கலும் குறைவு. ஐம்பதைத் தாண்டிய ஆட்களுக்கு அக்கறையைக் காட்டிக்கொள்ள வெட்கம் போய்விட்டது போலிருக்கிறது.

புது ஆல்பம் கேட்பவர்களுக்கு: மால்க்மஸ் 2001-லிருந்து தனியாகவும் ஜிக்ஸ் குழுவோடும் ஆல்பம் போட்டுக்கொண்டே இருக்கிறார், 2024-ல் த ஹார்ட் குவார்டெட் என்று இன்னொரு குழுவும் தொடங்கினார். எழுத மாட்டார் என்றில்லை, இந்தப் பெயரில் எழுத மாட்டேன் என்கிறார்.

எனக்குப் பிடிக்கவே இல்லை. என்னிடம் ஏதாவது கோளாறா?

இல்லை.

சரி, எங்கே ஆரம்பிப்பது?

முதலில் 'வாட்டரி, டொமெஸ்டிக்'. 1992-ல் வந்த நாலு பாட்டு ரெக்கார்டு, கேரி யங் வாசித்த கடைசி ரெக்கார்டும் அதுதான், சமையலுக்குக் காய் நறுக்குவதற்குள் கேட்டு முடித்துவிடலாம். அதில் 'ஃப்ரன்ட்வர்ட்ஸ்' பிடிக்கவில்லையென்றால் மேலே போக வேண்டாம், நேரம் மிச்சம். பிடித்திருந்தால் 'க்ரூக்கட் ரெயின்' முழுதாக, வரிசை மாற்றாமல், 'ஃபில்மோர் ஜைவ்' முடிகிறவரை. அப்புறம் 'ஸ்லான்டட்'. 'பிரைட்டன் த கார்னர்ஸ்' எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், ஐந்தில் இதமானது அதுதான். 'வாவி ஸோவி'யைத் தயவுசெய்து முதலில் எடுக்காதீர்கள், எத்தனையோ பேர் அந்த வாசலோடு திரும்பிப் போயிருக்கிறார்கள். 'டெரர் ட்வைலைட்' கடைசி. 2022 மறுவெளியீட்டில் காட்ரிச் முதலில் போட்டிருந்த வரிசையில், 'பிளாட்ஃபார்ம் புளூஸ்' முதல் பாட்டாக வருகிறது. 1999-ல் வெளிவந்த வரிசை நல்லதா அது நல்லதா என்ற சண்டைக்கு அப்போது வாருங்கள், நான் 1999 பக்கம்.